ஜாமன் தோரி

டோக்கியோவில் நான் பார்த்த வேலையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்கத் தெருப்பெயர் படிப்பது. கார்களில் ஓடும் வரைபடத்துக்கான தரவு அது. மூடிப்போன கடை இன்னும் பட்டியலில் இருக்கிறதா, கன்ஜி எழுத்தும் (சீனாவிலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த எழுத்து, நம் காஞ்சி இல்லை) அதன் உச்சரிப்பும் பொருந்துகின்றனவா என்று வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சிவப்புக் கொடி போட்டு மேலே அனுப்ப வேண்டும். கொடிகளின் எண்ணிக்கைதான் எங்கள் உழைப்புக்குச் சாட்சி.

மூன்றாவது மாதம், ஓத்தா வட்டாரத்துப் பட்டியலில் 'ஜாமன் தோரி' என்று ஒரு வரி வந்தது. தோரி என்றால் தெரு. ஜாமன், ஜெர்மனாம். ஜப்பானியர்கள் அந்த நாட்டைத் தோயிட்சு என்றுதான் சொல்வார்கள். இங்கே மட்டும் ஏன் ஆங்கிலச் சொல்? போகட்டும் என்று சுற்றுவட்டாரத்தைத் தேடினால் ஜெர்மனி சம்பந்தமாக ஒன்றுமே இல்லை. உற்சாகமாகக் கொடி போட்டேன்.

மறுநாள் என் சீனியர் கூப்பிட்டார். திட்டவில்லை. "சாப்பாட்டு நேரத்தில் நடக்கலாமா?" என்றார். ஓமோரி நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தோம். மருந்துக்கடை, பல் டாக்டர், ரொட்டிக்கடை என்று எந்த ஊரிலும் இருக்கிற கடைத்தெரு. "1991 வரைக்கும் ஜெர்மன் பள்ளி இங்கேதான் இருந்தது. சின்ன வயதில் பஸ்ஸில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு இருக்கை கிடைக்காது" என்றார். சரி, அந்தப் பள்ளி இப்போது எங்கே? யோகோஹாமாவில், ட்சுசுகி வட்டாரத்தில், நகமாச்சிதாய் நிலையத்துக்குப் பக்கத்தில்.

வேடிக்கை என்னவென்றால், அது தொடங்கியதே யோகோஹாமாவில்தான். 1904இல், வணிகத்துக்காக வந்து துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த ஜெர்மானியர்களின் பிள்ளைகளுக்காக. 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் யோகோஹாமா தரைமட்டமானது, பள்ளியும் போயிற்று. அப்புறம்தான் ஓமோரி. ஆக, 1991இல் நடந்தது ஒரு வகையில் வீடு திரும்பல். பள்ளியின் ஜப்பானியப் பெயரில் இன்றும் ஜெர்மனியைப் பழைய முறையில் இரண்டு கன்ஜியில் எழுதுகிறார்கள். ஒலிக்காக எடுத்த எழுத்துகள்தாம். ஆனால் முதல் எழுத்துக்குத் 'தனி' என்று பொருள். நாள் முழுக்க எழுத்து பார்ப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்காது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தப் பள்ளியைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கே படித்தவர்களில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் பெயாத்தே சிரோத்தா. வியன்னாவில் பிறந்தவர். அப்பா லியோ சிரோத்தா, பியானோ கலைஞர், யூதர். டோக்கியோ இசைக் கல்லூரியில் கற்பிக்க வந்தவர். வீட்டில் ஜெர்மன் பேசுகிற குழந்தையை ஜெர்மன் பள்ளியில் சேர்ப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓமோரியில் சேர்த்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அந்தக் காற்று கடல் தாண்டி வகுப்பறைக்குள்ளும் வீசியது. தாங்க முடியாமல், 12 வயதில் அவரை அமெரிக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள்.

1946 பிப்ரவரியில், 22 வயதில், ஜப்பானின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய அமெரிக்கக் குழுவில் அதே பெண் இருந்தார். ஜீப்பில் டோக்கியோ நூலகங்களைச் சுற்றி, பல நாட்டுச் சட்டங்களை அள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டமும் இருந்தது. கல்யாணம் இருவர் சம்மதத்தால் மட்டுமே, கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று சொல்லும் 24ஆம் பிரிவு அவர் எழுதிய வரைவிலிருந்து வந்தது. என் டீமில் வேலை செய்த ஜப்பானியப் பெண்கள் யாரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஓமோரித் தெருவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு என்று சொன்னபோது ஒரு பெண் மட்டும் குறித்துக்கொண்டார். அவர் பகுதி நேர ஊழியர். அதற்கு ஜப்பானியச் சொல் 'அருபைத்தோ', ஜெர்மன் மொழியில் வேலைக்கான சொல்லிலிருந்து வந்தது. இதையும் சொல்லியிருக்கலாம், அதிகப்பிரசங்கித்தனம் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் நான் இத்தனை ஆசையாகப் படித்ததற்குக் காரணம் வேறு. என் மகளும் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாள். 1904க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2004இல், கோத்தோ வட்டாரத்தில் தொடங்கிய இந்தியப் பள்ளி. நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் ஐ.டி. குடும்பங்களுக்கு அதுதான் நிம்மதி: நம் பாடத்திட்டம், நாளைக்கு ஊர் திரும்பினால் பிள்ளைக்கு வருஷம் வீணாகாது. பெற்றோர் கூட்டத்தில் எப்போது ஊருக்கு என்று யாரைக் கேட்டாலும் "அடுத்த வருஷம்" என்பார்கள். எட்டு வருஷமாக அதையே சொன்னவர்களையும் தெரியும். யோகோஹாமாத் துறைமுகத்து ஜெர்மன் அப்பாக்களும் வேறென்ன சொல்லியிருப்பார்கள்! பெயாத்தேயின் கதையைப் படித்த பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மகளின் வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் நான் படித்துவிடுவேன். ஊரிலிருந்து பாடத்திட்டம் மட்டும் தனியாக வருமா என்ன?

அந்தக் கொடியை நானே இறக்கினேன். குறிப்புப் பகுதியில் காரணம் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் வரி மூடாது. நீளமாக ஏதோ எழுதியிருந்தேன். சீனியர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே வாக்கியம் போட்டார்: "பள்ளி இல்லை. பெயர் சரி."