ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் இருப்போம்?

மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் வழியைப் பற்றி யோசிப்பதே இல்லை. முன்னால் போகிறவரின் பச்சை வேட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஊர்கள் வரிசையாக வரும், கடைசியில் பழனி. 2022 தைப்பூசத்துக்குத்தான் முதல் தடவையாக மேப்பையும் காலண்டரையும் எதிரில் வைத்துக்கொண்டு நானும் பெரியப்பாவும் சண்டை போட்டோம்.

அந்த வருஷம் பூசம் ஜனவரி 18. ஒமைக்ரான் கொரோனா ஏறிக்கொண்டிருந்தது. 6ஆம் தேதியிலிருந்து இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, வெள்ளி சனி ஞாயிறு கோயிலுக்குள் போக முடியாது. நடக்கிறவனுக்கு முதல் அடி அந்தக் காலை ஐந்து மணிதான். வழக்கமாக மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம், வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் முடிந்திருக்கும், அப்புறம் மரத்தடியில் படுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரம் போனால் பத்து கிலோமீட்டர் போன மாதிரி, அதை மத்தியான வெயிலில்தான் ஈடுகட்ட வேண்டும்.

முதலில் போட்ட திட்டம் 13ஆம் தேதி கிளம்பி 17ஆம் தேதி போய்ச் சேர்வது. நடுவில் 16ஆம் தேதி ஞாயிறு வந்தது. அன்றைக்கு நாம் எந்த ஊரில் இருப்போம், அங்கே நாள் முழுக்க யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோதே 10ஆம் தேதி அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது. 14 முதல் 18 வரை எல்லா வழிபாட்டுத் தலங்களிலும் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பூசத்தன்றே மலைக்குப் போக முடியாது.

தெரிந்த பல பேர் அவசர அவசரமாக நடந்து 13ஆம் தேதிக்குள் போய்ச் சேரப் பார்த்தார்கள். பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். மதுரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், மூன்று நாள், அவருக்கு வயது அறுபத்தாறு. நான் முடியாது என்றேன். காலண்டரைப் புரட்டியபோது ஒரு இடைவெளி கண்ணில் பட்டது. 17 திங்கள் கிளம்பினால் 20 வியாழன் போய்விடலாம், வழியில் ஞாயிறே கிடையாது, 19 புதனிலிருந்து கோயிலும் திறந்திருக்கும். ஆனால் பூசத்தன்று ரோட்டில் இருப்போம். பெரியப்பா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

நாள் முடிவானபிறகு வழி. கொடைரோட்டில் இடது பக்கம் திரும்பி நிலக்கோட்டை, செம்பட்டி, கன்னிவாடி வழியாகப் போய் மூலச்சத்திரத்தில் பெரிய ரோட்டைப் பிடிக்கலாம் என்றேன். அவருக்குத் திண்டுக்கல் ரோடுதான் வேண்டும். "ஆளில்லாத ரோட்டுல டீக்கடையும் இருக்காதுடா. கால் புடிச்சுக்கிச்சுன்னா என்னைய யாரு தூக்கிட்டுப் போவா?" அவர் கேட்டது நியாயம்தான். திறந்தவெளியில் நாலு பேர் பக்கத்தில் நடப்பதில் எனக்கும் பெரிய பயம் இல்லை. என் பயமெல்லாம் ராத்திரி பற்றித்தான். மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து நாற்பது பேர் தலையும் காலுமாகப் படுத்திருக்க, விடிய விடிய யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது ரோட்டை இல்லை, படுக்கையை. வாடிப்பட்டிப் பக்கம் சிநேகிதனின் தென்னந்தோப்பு, செம்பட்டியில் அத்தை வீட்டு மொட்டைமாடி, ஒட்டன்சத்திரத்தில் தெரிந்தவரின் காய்கறி குடோன். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வந்த வழி என்னுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

வழக்கமாக நாற்பது பேர் போகும் எங்கள் குழுவில் இந்தத் தடவை மூன்று பேர். நான், பெரியப்பா, அவர் மகன். பையில் வேட்டி, வாசலின், ஊசி நூல், இரண்டு டோஸ் போட்ட சான்றிதழின் ஜெராக்ஸ். முகக்கவசம் ஒரு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், ஆளுக்குப் பத்து எடுத்துப் போங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

18ஆம் தேதி காலை ஐந்து மணிக்குத் தோப்பைவிட்டு வெளியே வந்தால் மேற்கே முழு நிலா. பூசம் என்றால் பௌர்ணமி என்று தெரியும், ஆனால் கூட்டத்தில் நடக்கும்போது ஒரு வருஷம்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. விடிகிற வரைக்கும் அது எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டே போனது. பெரியப்பா வழக்கமாகப் போடும் அரோகராவைப் போடவில்லை, சும்மா நடந்தார். சாயங்காலம் செம்பட்டி மொட்டைமாடியில் பழனி இருக்கும் திசையைப் பார்த்துச் சூடம் ஏற்றினார். அப்புறம் காலை நீட்டி, குதிகால் கொப்புளத்துக்குள் ஊசியைக் கோத்து நூலை அப்படியே விட்டுவிட்டார். நூல் வழியாக நீர் கசிந்து காலைக்குள் வற்றிவிடும், தோலை மட்டும் பிய்க்கக் கூடாது.

டீக்கடை விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது. மோர்ப் பந்தல், அன்னதானம் எதுவும் இல்லை. கன்னிவாடிப் பக்கம் வெகுநேரம் கழித்து ஒரு கடை. அந்த அம்மா டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டு கேட்டார், "பூசம்தான் முடிஞ்சு போச்சே சாமி, இப்ப எங்க போறீங்க?"

"அவரு அங்கதானம்மா இருக்காரு" என்றார் பெரியப்பா.

மூலச்சத்திரத்தில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று போட்ட பேவர் பிளாக் நடைபாதை வந்தது. ஆள் நடமாட்டம் இல்லாமல் சீமைக்கருவேல முள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, பாதி தூரம் தார் ரோட்டிலேயே நடந்தோம். ஆயக்குடியில் கொய்யா வாங்கித் தின்றோம். வியாழன் சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்து பார்த்தால், பாத விநாயகர் கோயிலைத் தாண்டியும் வரிசை நின்றது, பாதிப் பேர் பச்சை வேட்டி. என்னை மாதிரியே காலண்டரைப் புரட்டியவர்கள் நிறையப் பேர் போல. பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு 693 படியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டார்.