லேகாக்கில் ஒரு ஜன்னல்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக் கிராமத்துக்கு ஒருவழியாகப் போய் வந்தாச்சு. நாலைந்து தெருக்கள்தான். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், சாய்ந்தும் நெளிந்தும், எப்படித்தான் நிற்கின்றனவோ! தலைக்கு மேலே ஒரு மின்கம்பி இல்லை, டிவி ஆன்டெனா இல்லை. 1944-இல் மெடில்டா டால்பட் என்ற அம்மையார் ஊரையே, பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் இன்றும் வாடகைக்கு ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் கூட்டத்தைப் பார்க்கத்தான் எரிச்சலாக இருந்தது.

எனக்கு முக்கியம் அங்குள்ள மடம். 1232-இல் ஈலா என்ற சீமாட்டி கன்னியாஸ்திரீகளுக்காக நிறுவியது, பிறகு மாளிகையானது. அதன் தெற்குப் பக்க ஜன்னலை 1835-இல் புகைப்படக்கலை முன்னோடியான ஃபாக்ஸ் டால்பட் ஒரு சின்ன மரப்பெட்டி கேமராவில் பிடித்தார். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான். தபால்தலை அளவு காகிதம். எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார் மனுஷன்.

அதே ஜன்னலை வெளிச்சத்துக்கு எதிராக நானும் போனில் எடுத்தேன். சுமார்தான். போகிறவர்கள் வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் தெருவெல்லாம் செல்ஃபி கூட்டம்!