பின்கதவைத் திறக்கும் முன்: கோத்தகிரியில் கரடிகளுக்கு நடுவே மூன்று நாள்

கோத்தகிரியில் நாங்கள் தங்கிய வீட்டில் கழிப்பறை வெளியே, பத்தடி தள்ளி இருந்தது. இருட்டிய பிறகு பின்கதவைத் திறக்க வேண்டுமென்றால், அந்த வீட்டு அம்மா முதலில் ஒரு தகர வாளியை எடுத்து 'டங் டங் டங்' என்று மூன்று தட்டுத் தட்டுவார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம்தான் தாழ்ப்பாளை நீக்குவார். முதல் நாள் இரவு காரணம் கேட்டேன்.

"கரடி நின்னுட்டிருந்தா நகர்ந்து போகட்டும்னுதான்மா. திடுக்குனு கதவத் திறந்தா அதுவும் பயந்துரும்ல?"

மே மாதம். சென்னை வெயிலுக்குத் தப்பி நாங்கள் மூன்று தோழிகள் போயிருந்தோம். மூன்று நாள் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். யானை, காட்டெருமை பற்றியெல்லாம் பேசிக்கொண்டு போன எங்களுக்குக் கரடி நினைவிலேயே இல்லை. ஆனால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் யாரிடம் பேசினாலும் பேச்சு கரடியில்தான் வந்து நிற்கிறது. ஊர், தேயிலைத் தோட்டம், சோலை மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் மலை அது. நமக்கு எது ஊர், எது காடு என்று தெரிகிற மாதிரி கரடிக்கு அங்கே கோடு ஒன்றும் கிடையாது.

அடுத்த நாள் லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே இருக்கும் 116 ஹெக்டேர் காடு. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். எங்களுக்கு வந்த அண்ணன் பக்கத்துப் பழங்குடிக் கிராமத்துக்காரர். கிளம்பும் முன்பே தெருநாய் ஒன்று எங்களோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் போட்டது நான்தான். அவர் அதைக் கல்லை ஓங்கி விரட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

"மேடம், நாய் முன்னாடி ஓடிப் போய்க் கரடியப் பாத்துக் குரைக்கும். கரடி துரத்தும். நாய் நேரா யார்கிட்ட ஓடி வரும்? உங்க காலடிக்குத்தான்."

அடுத்து என் காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றச் சொன்னார். "காடு பேசுறதும் கேக்கணும், நாம பேசுறதும் அதுக்குக் கேக்கணும்" என்றார். பறவை பார்க்கப் போனால் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கரடி இருக்கிற காட்டில் அந்தப் பழக்கம் ஆபத்து. நம் ஊர்க் கரடிக்கு மோப்பம் அபாரம். கண்ணும் காதும் அந்த அளவுக்கு இல்லை. தலையை மண்ணுக்குள் விட்டுக் கரையான் தின்கிற நேரத்தில் பக்கத்தில் போகும்வரை அதற்கு நாம் வருவது தெரியாமல் போகலாம். காற்று நம் பக்கமாக வீசினால் மோப்பமும் கிடைக்காது. பாதை திரும்பும் இடம், ஓடைச் சத்தம் பலமாக இருக்கும் இடம், உண்ணிச்செடி மண்டிய இடம் இங்கெல்லாம் அண்ணன் ஒரு தடவை கை தட்டி, "ஏய்ய்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.

பாதி வழியில் ஒரு புற்றைக் காட்டினார். யாரோ கடப்பாரையால் குத்தியது போல் கூம்பு கூம்பாக நாலைந்து குழிகள். மண் இன்னும் ஈரம். குழியின் உட்சுவரில் விரல் விரலாக நகம் இழுத்த கோடுகள். ஒவ்வொன்றும் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் குறையாது. கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான், மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய் மாதிரி குவித்து, கரையானை உறிஞ்சி இழுக்கிறது. அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்றார்கள். பக்கத்திலேயே சேற்றில் ஒரு தடம். மனிதப் பாதம் என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தபோதுதான் ஐந்து விரலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருப்பதும், அவற்றுக்கு முன்னால் நகம் பதிந்த ஐந்து குழிகளும் தெரிந்தன. அண்ணன் தடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ராத்திரி போயிருக்கு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் பேசிய சத்தம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் கரடி என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடாக்காரர்கள் அவர்கள் ஊர்க் கரடிகளுக்காக எழுதியது. 'கறுப்புக் கரடி தாக்கினால் எதிர்த்து அடி' என்று அதில் இருக்கும். நம் கரடியும் கறுப்புதான், ஆனால் அது வேறு இனம், ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்' (sloth bear) என்பார்கள். அமெரிக்கக் கறுப்புக் கரடி பயந்தால் பெரும்பாலும் மரத்தில் ஏறிவிடும், இல்லை ஓடிவிடும். நம்முடையது புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியது. மிக அருகில் திடீரென்று எதையாவது கண்டால், தப்பிப்பதைவிட முந்திக்கொண்டு பாய்வதுதான் அதன் இயல்பு. அடித்து விரட்டப் பார்த்தால் காயம்தான் கூடும். ஓடினாலும் பயனில்லை, நம்மைவிட அது வேகம். மரமும் ஏறும், தேனுக்கு ஏறுகிற பிராணி ஆயிற்றே.

சின்ன வயதில் கேட்ட கதை எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஒருவன் மரத்தில் ஏறிவிடுவான், இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்வான், கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். படுத்தவன் செய்ததில் பாதி சரி. கரடி மேலே பாய்ந்தேவிட்டால், குப்புறப் படுக்க வேண்டும். மல்லாந்து படுக்கவே கூடாது, ஏனென்றால் அது குறிவைப்பது முகத்தையும் தலையையும்தான். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடரியை மூடி, முழங்கையால் முகத்தின் பக்கவாட்டை மறைத்துக்கொள்ள வேண்டும். முதுகுப் பையைக் கழற்றக் கூடாது, அது ஒரு கவசம். கரடி விலகிவிட்டது என்று தோன்றினாலும் உடனே எழக் கூடாது. அண்ணன் எங்களை அங்கேயே சருகு மேல் ஒருமுறை படுக்க வைத்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. வழிகாட்டி இல்லை; டீக்கடைக்குத்தானே போகிறோம் என்று எஸ்டேட் பாதையில் இறங்கினோம். நல்ல மூடுபனி. கொழுந்து பறிக்க இன்னும் யாரும் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் யாரும் பேசவுமில்லை. முந்தின நாள் அத்தனை கேட்டும் அந்தக் காலையில் நாங்கள் மௌனமாக நடந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீர் என்கிறது.

வளைவைத் தாண்டியதும் 'புஸ்... புஸ்' என்று ஊதுகிற சத்தம், பிறகு தண்ணீர் மோட்டார் காற்றை இழுப்பது போல ஓர் உறிஞ்சல். முப்பதடிகூட இருக்காது. பாதையோரப் புற்றில் கறுப்பாக ஒரு மேடு, அதன் மேல் சின்னதாக இன்னொரு மேடு. சின்ன மேட்டுக்கு முகம் இருந்தது. தாயின் தோள்மயிரை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டு குட்டி எங்களைப் பார்த்தது.

முன்னால் போன தோழி திரும்பி ஓடப் பார்த்தாள். அவள் பையைப் பிடித்து நிறுத்தினேன். மூவரும் ஒட்டி நின்று, தாழ்ந்த குரலில், "போறோம், போறோம், நாங்க போயிடுறோம்" என்று சொல்லிக்கொண்டே முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தோம். ஏன் அந்த வார்த்தைகள் வந்தன என்று தெரியவில்லை. தாய் தலையைத் தூக்கியது. சாம்பல் மூக்கு நிறைய மண். பின்னங்கால்களில் எழுந்து நின்றபோது நெஞ்சில் அந்த வெள்ளை வளைவு பளிச்சென்று தெரிந்தது. காற்றை இரண்டு மூன்று முறை முகர்ந்தது. அப்புறம் கீழே இறங்கி, பெரிதாக ஒரு முறை ஊதிவிட்டு, குட்டியைச் சுமந்தபடியே தேயிலைச் செடிகளுக்கு நடுவே சோலைப் பக்கம் போய்விட்டது. நாங்கள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம். டீ எட்டரைக்குத்தான்.

அந்த டீக்கடையில்தான் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில், விருந்தினர் போட்டோ எடுக்கட்டும் என்று இரவில் பலாச் சக்கையும் மிச்சச் சோறும் கொட்டி வைக்கிறார்களாம். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டு அம்மா எண்ணெய்த் தூக்கைக்கூட வெளியே வைப்பதில்லை. விளக்கேற்றும் எண்ணெய்க்காகக் கரடிகள் கோயில் கதவை உடைக்கிற ஊர் அது. அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்க, ஒரு போட்டோவுக்காகக் கரடிக்கு மனித வாசனையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பழக்குவது அநியாயம். விடியற்காலையில் வேலைக்குப் போகிற பெண்களுக்குத்தான் அதன் ஆபத்து. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடப்படும் கரடிக்கும்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கிற விலங்கு அது. அப்படி இரை வைத்துக் காட்டும் இடத்தில் தயவுசெய்து தங்காதீர்கள். நீங்கள் கொண்டுபோகும் கடலை மிட்டாய்க் காகிதம், ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். ஒதுங்க வேண்டுமென்றாலும் புதருக்குள் போகாதீர்கள். பகலில் கரடி படுத்திருப்பது உண்ணிப் புதரிலும் பாறை இடுக்கிலும்தான்.

ஊர் திரும்ப விடிகாலை ஐந்து மணிப் பேருந்து. நாலு மணிக்கு எழுந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. பின்கதவருகே போய்த் தகர வாளியைக் கையில் எடுத்தேன். மூன்று தட்டு. வெளியே ஏதோ சருகு நொறுங்கியது, பூனையாகவும் இருக்கலாம். சத்தம் தேயிலைச் சரிவில் இறங்கி ஓயும்வரை நின்றிருந்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன்.