கடைசியாக நனையும் இடம்

மதுரையை அடுத்த கப்பலூரில் நான் பணியாற்றிய பட்டறையில், காற்றாலையின் உச்சியில் இயந்திரங்களைப் போர்த்தியிருக்கும் மூடிகளை வேக்யூம் இன்ஃப்யூஷன் முறையில் செய்துவந்தோம். மோல்டின் மேல் உலர்ந்த கிளாஸ் ஃபைபர் துணியை அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை அடைத்து ஒரு பக்கம் காற்றை உறிஞ்சினால், மறுபக்கத்திலிருந்து எபாக்ஸி ரெசின் என்ற, பின்னர் இறுகிவிடும் திரவப் பிசின் துணிக்குள் ஊறிக்கொண்டே வரும். கிளாஸ் துணி நனைந்ததும் தெளிந்துவிடுவதால் ரெசின் எதுவரை வந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலுவுக்காகக் கார்பன் துணி வைத்த இடங்களிலோ நனைந்ததும் கறுப்பு, நனையாததும் கறுப்பு.

ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், காற்று உறிஞ்சும் குழாயருகே பதித்திருந்த ஒரே சென்சார் ரெசின் வந்துவிட்டதாகக் காட்டியதும் வரத்துக் குழாயை அடைத்துவிட்டோம். மறுநாள் மூத்த தொழிலாளியான அண்ணன் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடியைத் தட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒலி மந்தமானதும் நின்று, "தம்பி, இங்க ரெசினே போகலப்பா" என்றார். அறுத்துப் பார்த்தபோது உள்ளங்கையளவு கார்பன் துணி, சுருளிலிருந்து வெட்டியபடியே இழை இழையாகப் பிரிந்தது.

துணியை மோல்டின் ஓரத்துக்குச் சற்றுக் குட்டையாக வெட்டியிருந்தோம். அந்த இடுக்கில் புகுந்த ரெசின், வாய்க்கால் தண்ணீர் நடுவயலை விட்டுவிட்டுக் கடைமடைக்கு ஓடியதைப் போல ஓடிவிட்டது. 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி மணலில் நீர் ஊடுருவுவதை அளந்து கண்ட விதியே இங்கும் ஆள்கிறது: அழுத்தம் மாறாதபோது இரு மடங்கு தூரம் நனைய நான்கு மடங்கு நேரம் வேண்டும், மதுரை வெயிலிலோ ரெசின் அதற்குள் இறுகத் தொடங்கிவிடும்.

அதன்பின் சீப்புப் பற்களைப் போன்ற மின்முனைகள் கொண்ட டைஎலக்ட்ரிக் சென்சார்களை, அதாவது தம்மைத் தொடும் பொருளின் மின்பண்பை அளப்பவற்றை, ரெசின் கடைசியாக நனைக்கும் இடங்களில் வைத்தோம். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் சென்சார் ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கிளாஸ் துணி போர்த்த வேண்டியிருந்தது, முதல் இரண்டை நான் இதை மறந்து வீணாக்கினேன். ரெசின் தொட்ட கணத்தில் சென்சார் காட்டும் அளவு சட்டென மாறும். பிறகு ரெசினில் உள்ள அயனிகள் நகர நகர மின்தடை தெரியும்; ரெசின் இறுக இறுக அவை தடுமாறி மின்தடை பல மடங்கு ஏறும், திரையில் அந்த மின்தடைக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் இறுகும் வினை அநேகமாக நின்றுவிட்டது என்று பொருள். அருகில் வைத்த தெர்மோகப்பிள் காட்டும் வெப்பநிலையோடு சேர்த்தே அந்தக் கோட்டைப் படிக்க வேண்டும். சூடேறினாலே அயனிகள் வேகமெடுக்கும் என்பதால், தனியாகப் பார்த்தால் அது ஏமாற்றும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

அடுத்த மூடியில் குழாயருகே ரெசின் வந்து ஆறு நிமிடம் கழித்தே நடுச் சென்சார் அசைந்தது. அதுவரை அண்ணன் வரத்துக் குழாயை அடைக்கும் கிளாம்பில் கை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்; மறுநாள் வழக்கம்போல நாணயத்தாலும் தட்டிப் பார்த்தார்.