பலகையில் நான்காவது கட்டம்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சட்ட அலுவலராக நான் சேர்ந்தது 2011-ல். அதற்கு முன் ஆறு வருடம் திருச்சி கோர்ட்டில் பிராக்டீஸ். முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-வது விதி. அதனால் சேர்ந்த மாதமே சன்னதை, அதாவது வழக்கறிஞர் உரிமத்தை, நிறுத்தி வைக்க எழுதிக் கொடுத்தேன். கோட்டும் கவுனும் இன்னும் அம்மா வீட்டுப் பீரோவில்தான் இருக்கின்றன.

அப்போதெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கு வேலை. வெட்டிய கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் ராயல்டியில் பாக்கி என்று டிமாண்ட் வரும். பைலைக் கட்டி சென்னையில் வக்கீலுக்கு அனுப்புவேன், வாய்தா தேதியைக் குறித்து வைப்பேன். சுரங்கத்துக்குள் என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

2017 ஆகஸ்ட் 2-ல் காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒடிசாவின் இரும்பு, மாங்கனீசு சுரங்கங்களைப் பற்றியது. சுற்றுச்சூழல் அனுமதியில் சொன்ன அளவுக்கு மேல் தோண்டினால், குத்தகை கையில் இருந்தாலும் அது சட்டவிரோதம்தான். சுரங்கச் சட்டத்தின் 21(5) பிரிவின்படி அந்தக் கனிமத்தின் முழு விலையையும் கட்ட வேண்டும் என்றது. ராயல்டியைக் கட்டிவிட்டு நகர முடியாது, முழு விலை! இரண்டு முறை படித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குப் போனேன்.

எடைமேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு வெள்ளைப் பலகை. இன்றைய டன், இந்த மாத டன், இந்த வருட டன் என்று மூன்று கட்டம். அனுமதித்த டன் எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்லி, எண்ணை நானே எழுதினேன்.

அப்புறம் ஒரு வருடம், பிப்ரவரி கடைசியிலேயே மூன்றாவது கட்டம் நான்காவதைத் தொடப் போனது. மார்ச் முடிய ஐந்து வாரம் இருக்கிறது, சூளைக்குக் கல் வேண்டும். "மேடம், ஏப்ரல்ல குறைச்சு எடுத்துச் சரிக்கட்டிடலாம்" என்றார் மைன்ஸ் மேனேஜர். அவர் நேர்மையான மனிதர். அவர் பழகிய காலத்தில் அப்படித்தான் நடந்தது. "சார், அனுமதி வருடக் கணக்கு. ஏப்ரல்ல குறைச்சாலும் மார்ச்ல மிஞ்சினது மிஞ்சினதுதான்" என்று பலகை முன்னால் நின்றே சொன்னேன். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று போன். கடைசியில் நிறுத்தினார்கள். வெளியில் கல் வாங்கினார்கள், செலவு கூடியது. அந்த ஐந்து வாரமும் கேண்டீனில் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

நான் தவறாகக் கணித்ததும் உண்டு. ராயல்டியும் ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் என்ற கூடுதல் வரி போட முடியாது என்று 1989-ல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னது எங்களுக்கு வேதவாக்கு. நம் தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில் பிறந்த வழக்கு. அதை நம்பி, "கவலை வேண்டாம்" என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கிறேன். 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரியே இல்லை என்றது. கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம், 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியையும் கேட்கலாம் என்றாகிவிட்டது. தமிழ்நாடும் அந்த வருடமே வரிச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது "கவலை வேண்டாம்" என்று யாருக்கும் எழுதுவதில்லை. தீர்ப்பு புரண்டால் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

2025 அக்டோபர் 31-ல் இன்னொன்று. கம்பெனியில் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் வழக்கறிஞர் ஆக மாட்டார்கள், கட்சிக்காரருக்குச் சொன்ன ஆலோசனையை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு வழக்கறிஞருக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு எங்களுக்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். வருத்தம்தான். ஆனால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில், கலெக்டர் முன்னால், ஊர்க்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது படித்துக் காட்டக் கூசும் எதையும் நான் எழுதக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

நாளை காலை ஆறு மணிக்கு சர்வேயர் அண்ணனோடு கிழக்கு எல்லைக்குப் போகிறேன். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் தோண்டாமல் விட வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர், மழையில் ஓரம் சரிந்து அது குறைந்துவிட்டது என்கிறார். அவரையும் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க வரச் சொல்லியிருக்கிறேன்.