திருப்பத்தில் மட்டும் கேட்ட சத்தம்

ஒரு சோடி சொக் அப்சோபர், இரண்டு கிழமை அலைச்சல், கல்முனைக்கு ஒரு வீண் பயணம் எல்லாம் கழிந்த பின்னர்தான், எனது காரின் சத்தம் ஓய்ந்தது. முன்சில்லுகள் இழுக்கும் பழைய யப்பான் கார்கள் நம் பக்கத்தில் ஏராளம் ஓடுவதால், கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன்.

மட்டக்களப்பு நகருக்குள் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பி அக்சிலேற்றரை மிதித்தால் 'டக், டக், டக்' என்று கேட்கும். வேகம் கூடினால் தட்டும் வேகமும் கூடும். காலை எடுத்தால் குறைந்துவிடும். நேராக ஓடும்போது அந்தச் சத்தம் இல்லை. ஆனால் கல்லடிப் பாலத்தில் வேகம் எடுக்கையில் இருக்கைக்கு அடியில் மெல்லிய நடுக்கம் ஒன்று தெரிந்தது.

முதலில் போன கராஜில் இவ்வளவையும் சொன்னேன். அங்கிருந்தவர் காரை நின்ற இடத்திலேயே இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சொக் போயிற்று சேர், அதோடு பெலன்ஸும் இல்லை" என்றார். என்னோடு ஒரு சுற்று ஓடிப் பார்க்கும்படி கேட்டதற்கு, "சத்தத்தைக் கேட்டாலே எங்களுக்குத் தெரியும்" என்பதே பதிலாக இருந்தது. அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டிருக்கவே இல்லை. சொக் இரண்டையும் மாற்றி, பெலன்ஸும் அலைன்மென்ரும் செய்து பணத்தைக் கட்டி வெளியே வந்து, கராஜ் வாசலிலேயே வலப்பக்கம் திருப்பினேன்: டக், டக், டக். திரும்பிப் போய்க் கேட்டபோது, புதுச் சாமான் 'பழகும்' வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

ஆரையம்பதியில் வீட்டு வளவுக்குள் கராஜ் வைத்திருக்கும் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் நண்பர் அனுப்பினார். அவர் முதலில் திறப்பைத்தான் கேட்டார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மதிலோரமாக மெதுவாக வட்டமடித்தார். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம் காதுக்குத் தெளிவாக விழும் என்பது எனக்குப் புதுப் பாடம். பிறகு இடப்பக்கச் சில்லைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைக் காட்டினார். வட்டமாகக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது. கியர்பெட்டியிலிருந்து சில்லைச் சுழற்றும் தண்டான ட்றைவ் ஷாஃப்டின் வெளி முனையில், சில்லு திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் சீ.வீ. ஜொயின்ட் இருக்கிறது. அதை மூடும் இறப்பர் உறையான பூட், மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வாரந்தோறும் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிரவல் வீதியில் ஓடுகிற காருக்கு அந்தக் கிழிசல் போதும். உள்ளே மிஞ்சியிருந்த கிறீஸை விரலில் எடுத்துத் தேய்த்தபோது மணல் நறநறத்தது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சில்லில் ஏறுவதால், பெரும்பாலும் எதிர்ப்பக்க ஜொயின்ட்தான் தட்டும் என்று விளக்கினார். நடுக்கத்துக்குக் காரணம் வேறு: கியர்பெட்டிப் பக்கத்து உள் ஜொயின்டும் தேய்ந்து ஆடியது. ஆகவே ஷாஃப்டை முழுதாக மாற்றுவது என்று முடிவாயிற்று.

காரை ஜக்கில் விட்டுவிட்டு, பாவித்த யப்பான் ஷாஃப்ட் வாங்க பஸ்ஸில் கல்முனைக்குப் போனேன். கடைக்காரர் மொடலின் பெயரை மட்டும் கேட்டு, "கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்று ஒன்றை எடுத்துத் தந்தார். 30 கிலோமீற்றருக்கு மேல் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தால், பாஸ் பழையதற்கு அருகில் பிடித்து ஷாஃப்ட் முனையிலுள்ள பற்களை எண்ணினார். எண்ணிக்கை பொருந்தவில்லை, சில்லு இறுகிவிடாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். வளையமும் அதில் இல்லை. ஒரே பெயரில் வரும் கார்களிலும் கியர்பெட்டிக்கும் ஆண்டுக்கும் ஏற்ப இவை மாறும் என்பதால், செசி இலக்கத்தையும், முடிந்தால் பழைய ஷாஃப்டையுமே கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுத்தார் என்றாலும், மாற்றிக் கொடுத்தாரே என்பதில் எனக்குச் சிறிய வெற்றிதான்.

பூட்டும் வேலை அரை நாளில் முடிந்தது. ஷாஃப்டை இழுக்கும்போது கியர் ஒயில் ஒழுகும் என்பதால், ஒயில் சீலையும் மாற்றி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்டைச் சில்லின் நடுவில் இறுக்கும் நட் புதிதாக இருக்கட்டும். இறப்பர் பூட்டுக்குள் பெயாரிங் கிறீஸை அப்ப விடாமல், சீ.வீ. ஜொயின்டுக்கென்றே வரும் கறுப்புக் கிறீஸைக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய ஜொயின்டைப் பாஸ் என் கையில் வைத்தார். ஆறு குண்டுகளும் ஓடும் தடங்களில் நகம் மாட்டுமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் நடுவீதியில் கழன்று, என்ஜின் உறும உறும கார் நகராமல் நின்றிருக்கும் என்றார். அன்று மாலை வட்டமடித்துப் பார்த்தபோது ரயர் மணலில் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. வலப்பக்கத்தையும் ரோர்ச் அடித்துப் பார்த்தோம். அங்கும் இறப்பர் பூட்டில் வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது, கிறீஸ் இன்னும் வெளியே வரவில்லை. அந்த இறப்பரை மட்டும் மாற்ற ஆன செலவு, முதல் கராஜில் அலைன்மென்ருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.