குப்புறப் படுத்த நாட்கள்

செப்டம்பர் 4

கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள். விழித்திரைல இருந்த ஓட்டைய அடைக்க கண்ணுக்குள்ள காஸ் குமிழி வச்சிருக்காங்க, அதனால குப்புறவே கெடக்கணும். நெத்தில தலகாணி மடிப்பு அப்படியே பதிஞ்சு கெடக்கு. எழுத முடியல, வாய்ஸ் டைப்பிங்ல சொல்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. தரைல மொசைக் புள்ளி எண்ணி முடிச்சாச்சு.

செப்டம்பர் 5

நல்ல கண்ணால போன்ல படம் பாத்தேன், பத்து நிமிஷத்துல மண்டை வெடிக்குது. வேணாம். தம்பி பொண்ணுகிட்ட அப்பா அலமாரிலேருந்து, அறிவியல் கதை எழுதுற அசிமோவோட 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' நாவல எடுத்துட்டு வரச் சொன்னேன். "இங்கிலீஷ்ல அப்படியே படிக்கவா அத்தை, தமிழ்ல சொல்லவா"ன்னு கேட்டா. ரெண்டையும் கலந்து படிக்குறா, நல்லாத்தான் இருக்கு.

1966ல வந்தது. அதே பேர்ல வந்த படத்துக்கு முன்னாடியே புக்கு கடைக்கு வந்துட்டதால இத வச்சுத்தான் படம் எடுத்தாங்கன்னு நெறைய பேரு நெனச்சுட்டாங்க. அப்படி இல்ல, திரைக்கதைதான் முதல்ல, அதக் குடுத்துதான் அவர நாவல் எழுதச் சொன்னாங்க. அப்பா இத வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு.

செப்டம்பர் 6

இன்னிக்கு காது சீன் வந்துச்சு. அஞ்சு பேர சப்மரினோட கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருக்கி ஒரு விஞ்ஞானி ரத்தத்துக்குள்ள அனுப்பிருக்காங்க, மூளைல இருக்குற ரத்தக்கட்டிய கரைக்க, மொத்தமே 60 நிமிஷம், அதுக்கப்புறம் பழைய சைசுக்கு வளர ஆரம்பிச்சுருவாங்க. உள்காது வழியா போகும்போது வெளில ஆபரேஷன் தியேட்டர்ல யாரும் சத்தமே போடக்கூடாது, சின்ன சத்தம் கூட உள்ள இருக்குறவங்களுக்குப் புயல். படத்துல அந்த இடம் வந்ததும் அப்பா என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டது இன்னும் விரல்ல இருக்கு. புக்குல அதே இடம் வரும்போது எனக்குள்ள ஓடுனது புக்கு இல்ல, அந்தப் படம்தான். அந்த அணுக்கள், மிதந்து போற கலரு, எல்லாமே அங்கேருந்து கடன் வாங்குனது. படத்துக்கு ரெண்டு ஆஸ்கார் கெடச்சுது, ரெண்டுமே கண்ணுக்குத் தெரியுற வேலைக்குத்தான், கலை இயக்கம், விஷுவல் எஃபெக்ட்ஸ். அசிமோவ் அதோட போட்டி போடல. அது ஏன் அப்படி, இது எப்படி நடக்கும்னு காரணம் சொல்லிக்கிட்டே போறாரு. கேக்குறவளுக்கு அது தேவையா இருக்கு.

செப்டம்பர் 7

மத்தியானம் சொட்டு மருந்து மறந்துட்டேன். ராத்திரி பூரா தூக்கமில்ல.

செப்டம்பர் 9

முடிச்சாச்சு. இதுக்காகத்தான் இந்த புக்கே கேட்டேன்.

படத்துல சப்மரின வெள்ளை அணு முழுங்கிருது, துரோகி அதுக்குள்ளயே மாட்டிக்கிறான், மிச்ச பேரு கண்ணு வழியா நீந்தி ஒரு துளி கண்ணீர்ல வெளிய வர்றாங்க, சுபம். சப்மரின் என்னாச்சு? வெள்ளை அணு தின்னுட்டா இல்லாமலா போயிரும்? துண்டு துண்டா ஆனாலும் நேரம் முடிஞ்சா அது பெருசாகும், அந்த மனுஷன் தல என்னாகும்? இத சரி பண்ண விட்டாத்தான் எழுதுவேன்னு சொல்லித்தான் அசிமோவ் ஒத்துக்கிட்டாரு. நாவல்ல அந்த வெள்ளை அணுவையே உசுப்பேத்தி பின்னாடி வர வச்சு, தின்ன கப்பலோட சேத்து கண்ணுக்குக் கொண்டு வந்து வெளில எடுத்துர்றாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. உள்ள எதையும் விட்டுட்டு வரக்கூடாதுன்னு ஒரு ஆளு இவ்வளவு கவலப்பட்டிருக்காரு.

எனக்குள்ள இருக்குறது வெறும் காஸ், தானா கரைஞ்சுரும்னு சொல்லிருக்காங்க. தெரியும்.

செப்டம்பர் 10

ஆனா எப்பவும் புக்குதான் சரின்னு இல்ல. 'தி தேர்ட் மேன்' எடுத்துக்கோங்க. கிரஹாம் கிரீன் கதையா எழுதுனதே கேரல் ரீடோட படத்துக்காகத்தான், படிக்க இல்ல பாக்கன்னு முன்னுரைலயே சொல்லிர்றாரு. படம் 1949, புக்கு 1950. கதைல கடைசில நாயகி அன்னா, நாயகன் மார்ட்டின்ஸோட கை கோத்து நடந்து போயிருவா. படத்துல கல்லறைலேருந்து அவ்வளவு நீள ரோட்டுல தனியா நடந்து வர்றா, அவன் வண்டியோரமா நிக்குறான், திரும்பிக் கூட பாக்காம தாண்டிப் போயிர்றா. காத்திருக்குறவன் காத்திருந்துக்கிட்டேதான் இருக்கான். இந்த முடிவுக்கு கிரீன் மொதல்ல ஒத்துக்கல, அப்புறம் ரீடு சொன்னதுதான் சரின்னு அவரே எழுதுனாரு. பெரிய மனசு. நீர்த்துப்போன பென்சிலின் வித்து குழந்தைங்கள சாகடிச்ச கதை அது, கை கோத்து முடிக்க முடியாது.

அப்ப அங்க மட்டும் ஓட்டைய அடைக்காம விட்டது ஏன் எனக்கு சரியாப் படுது? காலைலேருந்து இதேதான். அன்னா பேசாம போனா, அது அவ முடிவு. சப்மரின் உள்ள கெடந்தா, அது மறதி.

செப்டம்பர் 12

செக்கப். உக்காந்து நேராப் பாக்கலாம்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ண கண்ணுல மேல ஒரு கீத்து வெளிச்சம், கீழ தண்ணி மாதிரி ஒரு கோடு, தலைய ஆட்டுனா கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஆடுது. கோடு தெனம் கொஞ்சம் கீழ எறங்குமாம். ஃப்ளைட் கூடவே கூடாது. ஓட்டை மூடிருச்சான்னு அடுத்த வாரம் ஸ்கேன்லதான் தெரியும்.

செப்டம்பர் 13

கோடு எறங்குன மாதிரி இருக்கு. இல்ல நானா நெனச்சுக்குறேனா.

செப்டம்பர் 15

தம்பி பொண்ணு நேத்து ராத்திரி போன்ல அந்தப் படத்தப் பாத்திருக்கா. காலைல டீயோட வந்து, "அத்தை, படத்துல கண்ணீர கண்ணாடில எடுக்குறாங்கள்ல, அதோடயே கப்பலும் வந்துருச்சுன்னு நெனச்சுக்கலாம்ல"ன்னு கேட்டா. முடியாதுடி, நாவல்ல அதுக்குன்னு ஒரு அத்தியாயமே இருக்குன்னு சொன்னேன். கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். படிச்சுக்கிட்டு இருக்கா. கோடு இப்ப மூக்கு நுனி உயரத்துக்கு